பின் அட்டையையும் காட்டுங்கள்

பாட்டுச் செயலிகளை நடத்தும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். மாதாமாதம் பணம் கட்டிப் பாட்டுக் கேட்கிற ஒருவன் எழுதும் மடல் இது. எந்தச் செயலியையும் பெயர் சொல்லப் போவதில்லை. நான் பயன்படுத்திப் பார்த்த எல்லாவற்றிலும் குறை ஒன்றுதான்: பாட்டை எழுதியவர்கள் பெயரைச் சரியாகக் காட்டுவதில்லை.

போன மாதம் ஓர் இரவு ‘சம்பா டி உமா நோட்டா சோ’ என்ற பிரேசில் பாட்டைத் தேடினேன். ஒற்றைச் சுர சம்பா என்று பொருள்; சம்பா என்பது பிரேசிலின் ஆட்டப் பாட்டு வகை. விரலால் தள்ளத் தள்ளப் பதிவுகள் வந்துகொண்டே இருந்தன. பாடகர் பெயர் இருந்தது, படம் இருந்தது. எழுதியது யார் என்று பார்க்க உள்ளே போய், அதற்கும் உள்ளே போய்த் திறந்தால், சிலவற்றில் ஜோபிம் என்று மட்டும் போட்டிருந்தது. சிலவற்றில் அதுவும் இல்லை. நியூட்டன் மென்டோன்சாவைக் காணோம்.

அவர் யாரென்று சொல்லிவிடுகிறேன். அந்தோனியோ கார்லோஸ் ஜோபிமும் மென்டோன்சாவும் 1927இல் சில வாரங்கள் முன்பின்னாகப் பிறந்தவர்கள், இளவயது நண்பர்கள். இருவருமே ரியோ டி ஜெனிரோவின் இரவு விடுதிகளில் பியானோ வாசித்துப் பிழைத்தவர்கள். ‘டெசாஃபினாடோ’, ‘மெடிட்டசாவ்’, இந்த ஒற்றைச் சுர சம்பா மூன்றும் அவர்கள் சேர்ந்து எழுதியவை. ஜோபிம் இசையமைப்பாளர் என்பதால் மென்டோன்சா வெறும் வரிகளை எழுதியவர் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது சரியில்லை. இரண்டு பியானோக்காரர்கள் ஒரே பியானோ முன் உட்கார்ந்து சொல்லையும் மெட்டையும் சேர்த்தே இழைத்த பாட்டுகள் அவை. எது யாருடையது என்று பிரிக்க முடியாது.

அந்த ஒற்றைச் சுர சம்பாவையே கேட்டுப் பாருங்கள். ‘இதோ ஒரே சுரத்தில் கட்டிய சின்ன சம்பா’ என்று தொடங்கும்போது மெட்டு அந்த ஒரே சுரத்தில்தான் நிற்கிறது. கீழே கிட்டாரில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள் மட்டும் மாறிக்கொண்டே போகும். ‘இந்த இன்னொன்று, இப்போது சொன்னதன் விளைவு’ என்று வரும் இடத்தில் மெட்டு அடுத்த சுரத்துக்கு ஏறுகிறது. நடுப்பகுதியில், ஓயாமல் பேசியும் ஒன்றுமே சொல்லாத மனிதர்களைப் பற்றி வரி வரும்போது மெட்டும் மேலும் கீழும் ஓடி மூச்சு வாங்குகிறது. எல்லாச் சுரங்களையும் தொட்டுப் பார்த்தேன், கடைசியில் மிஞ்சியது ஒன்றுமில்லை என்கிறான் பாடுகிறவன். அப்புறம், உன்னிடம் திரும்புவதுபோல் என் சுரத்துக்கே திரும்பினேன் என்கிறான். மெட்டும் திரும்பிவிடுகிறது. இதைக் கேட்டபின் எழுதிய இருவரில் ஒருவர் பெயரை மட்டும் போட உங்களுக்கு எப்படி மனம் வரும்?

‘டெசாஃபினாடோ’வும் அப்படித்தான். சுருதி சேராமல் பாடுகிறாய் என்று காதலி குறை சொல்ல, அதற்கு ஒருவன் சொல்லும் பதில் அந்தப் பாட்டு. ‘சுருதி விலகுகிறேன்’ என்ற சொல் வரும் இடத்தில் மெட்டு நாம் எதிர்பார்க்காத சுரத்தில் போய் நிற்கும். இவர்கள் காலத்தில் பிரேசிலில் பிறந்த புது இசை வகைக்குப் பெயரான போசா நோவா என்ற சொல்லே அந்தப் பாட்டின் வரிகளில் இருக்கிறது. அந்த இசையின் முன்னோடிப் பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜுவாவ் ஜில்பெர்ட்டோ 1960இல் வெளியிட்ட இரண்டாவது இசைத்தட்டின் தலைப்பு ‘காதல், புன்னகை, மலர்’. அது ‘மெடிட்டசாவ்’ பாட்டில் வரும் தொடர். அதே ஆண்டு நவம்பரில் மென்டோன்சா மாரடைப்பால் இறந்துபோனார். வயது 33. 1962 பிப்ரவரியில் வாஷிங்டனில் ஒரு தேவாலயக் கூடத்தில் அமெரிக்க ஜாஸ் கலைஞர்களான சாக்சபோன்காரர் ஸ்டான் கெட்ஸும் கிட்டார்காரர் சார்லி பேர்டும் ஒரே நாளில் ஒரு தட்டைப் பதிவு செய்தார்கள். ‘டெசாஃபினாடோ’ அமெரிக்கா முழுக்கப் பரவியது அதிலிருந்துதான். அதைக் கேட்க மென்டோன்சா இல்லை. பெயராவது இருக்க வேண்டாமா?

பிரேசிலில் இப்படிச் சேர்ந்து பாட்டு எழுதும் உறவுக்கே ‘பார்சேரியா’ என்று ஒரு சொல் உண்டு. கூட்டாளி ‘பார்செய்ரோ’. போசா நோவாவை வளர்த்தவை இந்த உறவுகள்தாம். அவற்றில் பெரியது ஜோபிமும் வினிசியஸ் டி மொராயிஸும் சேர்ந்தது. வினிசியஸ் கவிஞர், வெளியுறவுத் துறை அதிகாரியும்கூட. 1956இல் ஓர்ஃபியஸ் என்ற கிரேக்கப் புராணப் பாடகனின் கதையை ரியோவின் கறுப்பின மக்கள் வாழ்வுக்குள் கொண்டுவந்து அவர் எழுதிய நாடகத்துக்கு இசையமைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். வில்லரினோ என்ற மதுக்கடையில் ஒரு பத்திரிகை நண்பர் ஜோபிமை அறிமுகம் செய்தார். வாடகைக்கே அல்லாடிக்கொண்டிருந்த ஜோபிம், ‘இதில் கொஞ்சம் காசு வருமா?’ என்று கேட்டதாகவும், கவிஞரிடம் காசு பேசுவதா என்று நண்பர் கடிந்துகொண்டதாகவும் சொல்வார்கள். எனக்கு ஜோபிம் கேட்டது நியாயமாகத்தான் படுகிறது. பாட்டு எழுதுகிறவருக்குக் காசு, பெயர் வழியாகத்தான் போய்ச் சேரும். நீங்கள் விட்டுவிடும் பெயரை நான் இவ்வளவு பெரிதாகப் பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டே ஆண்டில், 1958இல், இவ்விருவரின் பாட்டுகளை மட்டுமே வைத்து எலிசெத் கார்டோசோ ஒரு தட்டுப் பாடினார். சில பாட்டுகள் சேர்ந்து எழுதியவை, சில தனித்தனியாக எழுதியவை. அதில் இரண்டு பாட்டுக்குக் கிட்டார் வாசித்தவர் அப்போது அதிகம் பேருக்குத் தெரியாத ஜுவாவ் ஜில்பெர்ட்டோ. அவற்றில் ஒன்று ‘செகா டி சவுதாதி’, போதும் இந்த ஏக்கம் என்று பொருள்படும் பாட்டு. சில மாதங்களில் அதே பாட்டை ஜில்பெர்ட்டோ தானே பாடிப் பதிவு செய்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஓர் இசை பிறக்கிற கணம் காதில் விழும். கார்டோசோவின் குரல் பழைய முறையில் நிறைந்து ஒலிக்கிறது, கீழே புதிய கிட்டார் நடை. ஜில்பெர்ட்டோவிடம் குரலே பேச்சளவுக்குத் தணிந்துவிடுகிறது. ஆனால் முதல் பதிவில் கிட்டார் யாருடையது என்பதை எந்தச் செயலியிலும் நான் பார்த்ததில்லை. அது தெரியாமல் கேட்பவருக்கு அது ஏதோ பழைய பாட்டு, அவ்வளவுதான்.

1959இல் வந்த ஜில்பெர்ட்டோவின் முதல் பெரிய தட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரை மணி நேரம்கூட ஓடாது. அதற்குள் ஜோபிம்–வினிசியஸ், ஜோபிம்–மென்டோன்சா, கார்லோஸ் லைரா–ரொனால்டோ பொஸ்கோலி என்று புதிய தலைமுறையின் மூன்று கூட்டணிகள். பின் அட்டையில் ஜோபிமே ஒரு குறிப்பு எழுதியிருந்தார். ஜில்பெர்ட்டோ தானே வாசித்துப் பாடும்போது கிட்டாரும் அவர்தான், இசைக்குழு உடன் வாசித்தால் இசைக்குழுவும் அவர்தான் என்று எழுதிவிட்டு, கடைசியில் ‘கைமியும் இப்படித்தான் நினைக்கிறார்’ என்று ஒரு பின்குறிப்புப் போட்டார். கைமி என்பது பிரேசிலின் பாஹியா மாநிலத்து மூத்த பாடலாசிரியர் டோரிவால் கைமி. அவருடைய பாட்டும் அந்தத் தட்டில் உண்டு. ஒரு தலைமுறை இன்னொரு தலைமுறையைக் கைபிடித்துக் கூட்டிவந்த இடம் அந்தப் பின் அட்டை. உங்கள் திரையில் முன் அட்டை மட்டும்தான் தெரிகிறது, அதுவும் தீப்பெட்டிப் படம் அளவுக்கு.

‘கரோட்டா டி இபனேமா’வை, அதாவது ஆங்கிலத்தில் ‘த கேர்ள் ஃப்ரம் இபனேமா’ என்று உலகம் அறிந்த பாட்டை, சொல்லாமல் முடியாது. 1962இல் ஜோபிமும் வினிசியஸும் எழுதியது. மறு ஆண்டு மார்ச்சில் நியூயார்க்கில் ஜில்பெர்ட்டோவும் கெட்ஸும் பதிவு செய்தபோது, ஜில்பெர்ட்டோ போர்த்துகீசில் பாட, நார்மன் கிம்பெல் எழுதிய ஆங்கில வரிகளை அவர் மனைவி ஆஸ்ட்ரூட் பாடினார். 1964இல் தட்டு வந்தபோது முகப்பில் ஆஸ்ட்ரூடின் பெயர் இல்லை. தனிப்பாட்டாகச் சின்னத் தட்டில் வெளியிட்டபோது அவர் பெயர் வந்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டை மூன்று நிமிடத்துக்குள் அடக்குவதற்காக ஜில்பெர்ட்டோவின் போர்த்துகீசுக் குரலை வெட்டிவிட்டார்கள். வரிகளும் ஒன்றல்ல. வினிசியஸின் பாட்டில், அவள் கடந்து போகும்போது உலகம் முழுவதும் அழகால் நிறைகிறது, அன்பினால் இன்னும் அழகாகிறது, அது அவளுக்குத் தெரியவில்லை என்று முடியும். ஆங்கிலத்தில் அவள் என்னைப் பார்க்காமலே போகிறாள் என்பதோடு நின்றுவிடுகிறது. இரண்டையும் ஒரே தலைப்பின்கீழ் ஒரே பாட்டாக அடுக்குகிறீர்கள்.

பாடகியும் பாடலாசிரியருமான டோலோரஸ் டுரானை அநேகமாக யாரும் தேட மாட்டார்கள். அதனால்தான் அவரைப் பற்றியும் எழுதுகிறேன். ஜோபிமின் ஒரு மெட்டைக் கேட்டவர், கையிலிருந்த புருவப் பென்சிலால் சில நிமிடங்களில் ‘போர் கவுசா டி வோசே’யின் வரிகளை எழுதிவிட்டாராம். அதே மெட்டுக்கு ஏற்கெனவே எழுதி வைத்திருந்த வினிசியஸ், அதைப் பார்த்ததும் தன் வரிகளை விலக்கிக்கொண்டார் என்று சொல்வார்கள். 1959இல் டோலோரஸ் இறந்தார், வயது 29. வினிசியஸே ஒதுங்கி வழிவிட்ட பெயர் உங்கள் பட்டியலில் நிற்கக் கூடாதா?

உங்களில் ஒருவரின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். விவரங்களை இசை வெளியீட்டு நிறுவனங்கள்தாம் தருகின்றன, எங்களால் மாற்ற முடியாது என்று பதில் வந்தது. சரி, அவர்கள் தருவதைத்தான் போடுகிறீர்கள். ஆனால் நேற்றுத் தொகுத்துப் போட்ட மலிவுத் தொகுப்பில் 1959ஆம் ஆண்டுப் பாட்டுக்கு இந்த ஆண்டைப் போட்டு அனுப்பினாலும் வாங்கிக்கொள்கிறீர்களே. எழுதியவர் பெயர் முழுதாக இல்லாத பாட்டை ஏற்க மாட்டோம் என்று நீங்கள் ஒரு விதி வைத்தால் அவர்கள் தராமல் இருப்பார்களா?

நான் கேட்பது இவ்வளவுதான். பாடகர் பெயருக்குக் கீழேயே, உள்ளே போகாமல், எழுதியவர் எல்லோர் பெயரும் தெரியட்டும். இருவரும் சேர்ந்து எழுதியிருந்தால் ஒருவரை வரிக்கும் ஒருவரை மெட்டுக்கும் நீங்களாகப் பிரிக்க வேண்டாம். மொழிபெயர்த்தவரைத் தனியாகக் காட்டுங்கள். முதலில் பதிவான ஆண்டும், வாசித்தவர்களும் தெரிய வேண்டும். பின் அட்டை கிடைக்கும் தட்டுகளுக்கு அதையும் ஒரு படமாகச் சேர்க்கலாம், அதற்கு அதிக இடம் பிடிக்காது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்பது புரிகிறது. ‘மெடிட்டசாவ்’, ‘டெசாஃபினாடோ’, ‘சம்பா டி உமா நோட்டா சோ’ ஆகிய மூன்றிலிருந்து தொடங்குங்கள். நவம்பர் மாதம் மென்டோன்சா இறந்த மாதம். அதற்குள் இந்த மூன்றிலும் அவர் பெயரை ஜோபிம் பெயருக்குப் பக்கத்தில் போட்டுவிடுங்கள். டிசம்பர் முதல் தேதி மறுபடி தேடிப் பார்ப்பேன்.

அன்புடன்,
உங்கள் சந்தாதாரர் ஒருவர்