ரை கூடர்: ‘பாரிஸ், டெக்சாஸ்’ படத்தோடு நிறுத்த வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்க கிட்டார் கலைஞர் ரை கூடரின் திரையிசை பற்றி வந்த கட்டுரை ‘பாரிஸ், டெக்சாஸ்’ (1984) படத்தோடு முடிந்துவிட்டது. அதன் முகப்பு இசை முழுக்க அவருடைய கற்பனை என்று படிப்பவர்கள் நினைத்துவிடக் கூடும். அமெரிக்க ப்ளூஸ் பாடகரும் கிட்டார் கலைஞருமான பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927இல் டல்லாஸில் பதிவு செய்த ‘டார்க் வாஸ் த நைட்’தான் அதற்கு மூலம். 1977இல் வாயேஜர் விண்கலங்கள் பூமியின் ஒலிகளோடு ஏந்திச் சென்ற தங்க இசைத்தட்டில் இருப்பதும் அதே பாட்டுதான். ஜான்சன் சொல்லில்லாமல் முனகுவார். கூடர் அந்தக் குரலை எடுத்துவிட்டு விரலில் மாட்டிய குழாயைத் தந்தி மேல் வழுக்கி எழுப்பும் ‘ஸ்லைட்’ ஒலியையும் மௌனத்தையும் மட்டும் வைத்துக்கொண்டார்.

இதைக் கிட்டாரில் வாசித்துப் பார்க்க நினைப்பவர்கள் முதலில் ‘ஓப்பன் டி’ சுருதிக்கு, அதாவது விரல் வைக்காமல் மீட்டினாலே டி மேஜர் கார்டு ஒலிக்கும் சுருதிக்கு, மாற வேண்டும். கனமான 6ஆம் தந்தியையும் மெல்லிய 1ஆம் தந்தியையும் ஈ-யிலிருந்து டி-க்கு இறக்குங்கள். 2ஆம் தந்தி பி-யிலிருந்து ஏ, 3ஆம் தந்தி ஜி-யிலிருந்து எஃப் ஷார்ப். 4, 5 அப்படியே இருக்கட்டும். சுருதி இறங்கினால் தந்தி தொய்யும். மெல்லிய தந்தி போட்டிருந்தால் ஸ்லைடுக்கான கண்ணாடிக் குழாய் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பியில்) இடித்துக் கடகடக்கும். முதல் தந்தி 13 கேஜாவது (0.013 அங்குலத் தடிமன்) இருக்கட்டும், தந்திகளின் உயரத்தையும் சற்று ஏற்றுங்கள். குழாயை அழுத்தக் கூடாது. ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் அல்ல, ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே அது நிற்க வேண்டும். குழாய்க்குப் பின்னால் மற்ற விரல்கள் தந்தியை லேசாகத் தொட்டிருக்காவிட்டால் வேண்டாத இரைச்சல் சேரும். இதேபோல் தந்தி மேல் கட்டையை வழுக்கி வாசிக்கும் கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகிய காதுக்குச் சுருதி விலகுவது உடனே தெரியும்.

கட்டுரை விட்டுவிட்ட பெரிய விஷயம், இந்துஸ்தானி இசைக் கலைஞர் விஸ்வ மோகன் பட்டுடன் கூடர் வாசித்த ‘எ மீட்டிங் பை த ரிவர்’ (1993). கிராமி விருது பெற்ற இந்த ஆல்பத்தை சான்டா பார்பராவில் ஒரு தேவாலயத்தில் பதிவு செய்தவர் இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர். தமிழ் இதழ் ஒன்றில் அவர் பெயர் வராமல் போனது வருத்தமே. ஒரே இடத்தில் குறுக்காக வைத்த இரண்டு மைக்குகள்தாம் அவருடைய முறை. கருவிகளின் ஒலி அளவைப் பிறகு தனித்தனியே கூட்டிக் குறைக்க முடியாது. யார் எங்கே உட்காருகிறார் என்பதிலேயே அது முடிவாகிவிடும்.

ஹெட்போனில் கேளுங்கள். மீட்டல் நின்ற பிறகும் ஒலி மினுமினுத்துக்கொண்டிருந்தால் அது விஸ்வ மோகன் பட்டின் மோகன வீணை (அவர் மாற்றியமைத்த கிட்டார்), அதில் மீட்டாமலே உடன் அதிரும் 12 ‘தரப்’ தந்திகள். சட்டென்று காற்றில் கரைந்தால் கூடர்.

மாலி நாட்டு கிட்டார் கலைஞர் அலி ஃபர்கா தூரேயுடன் கூடர் வாசித்த ‘டாக்கிங் டிம்பக்டு’ (1994) ஆல்பத்துக்கும் ஒரு கட்டுரை ஒதுக்குங்கள்.

– வாசகர், திருச்சி