டயலை மாற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலமான தந்தையின் எச்.எம்.டி. கைக்கடிகாரத்தைப் பழுதுபார்ப்பதா, அந்தச் செலவில் புதிதாக ஒன்று வாங்கிவிடுவதா என்று வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழில் கேட்டிருந்தார். இதே கேள்வியால் எங்கள் வீட்டில் அண்ணனுக்கும் எனக்கும் மனஸ்தாபமே வந்தது. அந்த வாசகருக்கு நான் சொல்வது இதுதான்: தயங்காமல் பழுதுபாருங்கள், ஆனால் டயலில் யாரையும் கைவைக்க விடாதீர்கள்.

எங்கள் அப்பா செங்கோட்டை - புனலூர் மீட்டர்கேஜ் பாதையில் கீமேன். சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு தினமும் தண்டவாளத்தோடு நடந்து, தளர்ந்தவற்றை அடித்து இறுக்குவது வேலை. பகவதிபுரம் தாண்டி ஆரியங்காவுக் குகைக்குள் நுழையும் முன் மணி பார்த்தே ஆக வேண்டும். இருட்டில் வண்டியிடம் மாட்டிக்கொள்ளக் கூடாதே! அதற்காகவே சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு ஜனதா வாட்ச் வாங்கினார். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961-இல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் தயாரிப்பு. தேய்மானம் குறைய உள்ளே 17 கல் வைத்தது, தினமும் சாவி கொடுக்க வேண்டியது.

இப்போது அதைக் கையில் எடுத்துப் பார்த்தால், 4-க்கும் 5-க்கும் நடுவே டயல் பழுத்துக் கிடக்கிறது. குற்றாலச் சாரலில் நடந்த மனிதர், ஈரம் உள்ளே இறங்கிவிட்டது. ஸ்ட்ராப் மாட்டும் இடத்தில் ஒரு நசுங்கல், சுத்தியல் பட்டது. பின்மூடி எழுத்துகள் கையில் உரசி உரசி மழுங்கி, சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகின்றன. அப்பா இறந்த பிறகு அது ஓடவில்லை.

அண்ணன் புனலூரில் குடியேறியவர். மகன் கல்யாணத்தன்று அவன் கையில் அதைக் கட்டிவிட ஆசைப்பட்டார். கொல்லத்தில் ஒரு கடையில் காட்டியபோது, டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, கேஸை, அதாவது வெளிக்கூட்டை, பாலிஷ் போட்டுப் புத்தம்புதிதாகத் தருகிறோம் என்றார்களாம். அண்ணனுக்குப் பரம சந்தோஷம். நான் சம்மதிக்கவே இல்லை. புத்தம்புதிதாக ஒன்று வேண்டுமென்றால் அதற்கு அப்பாவுடையது எதற்கு?

டயலில் உள்ள எண்களும் எழுத்தும் மெல்லிய பூச்சின்மேல் அச்சிட்டவை. கறையைத் துடைக்கப் போனால் எண்ணும் சேர்ந்து வந்துவிடும். பிறகு மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை. முலாம் பூசிய கேஸை அழுத்திப் பாலிஷ் போட்டால் பித்தளை பல்லிளிக்கும். போனது போனதுதான்.

உள்ளே இருக்கும் இயந்திரத்தின் கதை வேறு. வருடக்கணக்கில் கிடந்தால் எண்ணெய் காய்ந்து பிசின்போல ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் "ஓடுகிறதா பார்ப்போம்" என்று சாவி கொடுத்துக்கொண்டே இருந்தால் சக்கர அச்சுகள் தேயும். கழற்றிக் கழுவி எண்ணெய் விடத்தான் வேண்டும். மெயின் ஸ்பிரிங் மாற்றுவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அப்பா காலத்திலேயே அது மாற்றப்பட்டதுதான். கண்ணாடியும் அப்படியே. நம் மலைப்பாதையை அகலப்பாதையாக்கி 2018-இல் முழுமையாகத் திறந்தபோது, தண்டவாளம் எல்லாம் புதிது. ஆனால் கழுதுருட்டி அருகே பதின்மூன்று கண்ணறைப் பாலத்தை, அதாவது பதின்மூன்று வளைவுகள் கொண்ட பழைய பாலத்தை, இடிக்காமல், பலப்படுத்தி அதன் மேலேயே ரயிலை விட்டார்கள். அப்பாவின் வாட்சுக்கும் அந்த நியாயம்தான் என்று அண்ணனிடம் சொன்னேன். அந்தப் பாலத்தில் அப்பாவோடு நடந்தவர் அவர். அதற்குப் பிறகு எதிர்த்துப் பேசவில்லை.

தென்காசியில் ஒரு சிறிய கடையில், கண்ணில் லென்ஸ் பொருத்தி இன்னும் இந்த வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொடுத்தோம். 2016-இல் மத்திய அரசு எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட முடிவெடுத்துவிட்டது. அதனால் ஓடாத வாட்சுகளைப் பிரித்துத்தான் அந்தப் பெரியவர் பெரும்பாலும் உதிரி எடுக்கிறாராம். ஸ்பிரிங், கண்ணாடி, கூலி எல்லாம் சேர்த்து 1,200 ரூபாய். சாதாரண பேட்டரி வாட்ச் இதைவிடக் குறைவுதான். கடையில் வைத்தே சாவி கொடுத்துக் காட்டினார். பழுத்த டயலின் மேல் நொடிமுள் நகர்ந்ததைப் பார்த்து அண்ணன் அழுதுவிட்டார். கல்யாணத்தில் மாப்பிள்ளை கையில் அந்த வாட்ச்தான்.

கேள்வி கேட்ட வாசகருக்கு இன்னும் சில வார்த்தைகள். கொடுக்கும்போதே "டயலைத் தொட வேண்டாம், கேஸுக்குப் பாலிஷ் வேண்டாம்" என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். கழற்றிய பழைய உதிரிகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சாவி இறுகியதும் நிறுத்திவிடுங்கள். எவ்வளவு நன்றாகச் சரிசெய்தாலும் இந்தப் பழைய வாட்சுகள் தண்ணீர் தாங்காது. ஆனி, ஆடிச் சாரலில் வெளியே கட்டிக்கொண்டு போகாமல் வீட்டிலேயே வைத்திருங்கள்.

இப்படிக்கு,
ரயில்வே கீமேன் ஒருவரின் மகள்,
செங்கோட்டை.