வளைவதற்கு முன்பே ஒட்டிக்கொள்ளும் சிவப்பணு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடி மக்களின் சிக்கிள் செல் நோய் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு படமும் வரும். பிறைபோல் வளைந்த சிவப்பணுக்கள் நுண்குழாயின் குறுக்கே விழுந்து அடைத்துக் கிடக்கும். படத்தில் தப்பில்லை. ஆனால் அந்தச் செல்கள் ஏன் அங்கே நின்றன என்பது அதில் இல்லை. குளிரிலும் காய்ச்சலிலும் வலி ஏன் வருகிறது, வலி இல்லாத நாளிலும் மாத்திரை எதற்கு என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அங்கேதான் இருக்கிறது.

நீலகிரிப் பழங்குடிகளிடம் இந்த நோயின் மரபணு இருப்பதை லேமான், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-லேயே வெளியிட்டுவிட்டார்கள். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்து உட்கார்ந்துவிட்டது, பிழை அவ்வளவே. ஆக்சிஜனை இறக்கிய பிறகு இந்த ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று கோத்து இழையாகி, செல்லை வளைக்கிறது. ஆனால் இழை கோக்கச் சற்று நேரம் பிடிக்கும். பெரும்பாலான செல்கள் அதற்குள் நுண்குழாயைக் கடந்து, நுரையீரலில் மறுபடி ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு தப்பிவிடும். வழியில் தடுத்து நிறுத்தப்படுபவைதான் அங்கேயே வளைந்து அடைக்கின்றன. நிறுத்துபவை, செல்லின் மேற்பரப்பில் பிடிபோல் இருக்கும் ஒட்டுப் புரதங்கள்.

அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்: ஆல்ஃபா-4 பீட்டா-1 இன்டெக்ரின். எலும்பு மஜ்ஜையில், கழிவை விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்ற செல்லைச் சுற்றி, தாய்க்கோழியை ஒட்டிய குஞ்சுகள் மாதிரி, இளம் சிவப்பணுக்கள் வளர்கின்றன. மேக்ரோஃபேஜின் மேலுள்ள விகாம்-1 என்ற புரதத்தை இந்த இன்டெக்ரினால்தான் அவை பற்றிக்கொள்கின்றன. முதிரும்போது பிடியை இழந்து ரத்தத்தில் இறங்குகின்றன. கருவிலும் இதற்கு வேலை உண்டு. ஆல்ஃபா-4 மரபணு நீக்கிய எலிக் கருக்கள் பிறப்பதே இல்லை. நச்சுக்கொடி இணைவதும் இதயத்தின் மேலுறை உருவாவதும் தவறிவிடுகின்றன.

சாதாரண சிவப்பணு 120 நாள் வாழும். சிக்கிள் செல் நோயில் 10 முதல் 20 நாள்தான். இழப்பை ஈடுகட்ட மஜ்ஜை அவசரப்பட்டு, பிடி இன்னும் கழலாத இளம் செல்களை, அதாவது ரெட்டிகுலோசைட்டுகளை, வெளியே அனுப்புகிறது. ரத்தக்குழாய்ச் சுவரிலும் விகாம்-1 உண்டு. காய்ச்சலும் அழற்சியும் வந்தால் சில மணி நேரத்தில் அது பெருகும். காட்டு வழியில் வேட்டியில் ஏறும் ஒட்டுப்புல் மாதிரி இளம் செல்கள் அதில் பற்றிக்கொள்ளும். சுவர்ச் செல்களுக்குள் சிறு பைகளில் தயாராக இருக்கும் பி-செலெக்டின் இன்னும் வேகம்: சில நிமிடங்களில் மேலே வந்து வெள்ளணுக்களைப் பிடிக்கும். அவற்றின்மேல் சிவப்பணுக்கள் ஒட்டும்.

இதோடு நம் மலைக் குளிர் சேர்ந்தால் குழாய் சுருங்கி ஓட்டம் மந்தமாகும். குளிரில் யாரும் தண்ணீர் தேடிக் குடிப்பதில்லை. உடலில் நீர் குறைந்தால் செல்லுக்குள் ஹீமோகுளோபின் செறிந்து, இழை கோக்கும் நேரம் வெகுவாகச் சுருங்கிவிடும். ஆகவே வலிக்கும் இடத்தில் ஐஸ் வைக்கவே கூடாது. வெந்நீர் ஒத்தடம், கம்பளி, அடிக்கடி தண்ணீர். காய்ச்சல் என்றால் வீட்டில் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த நோயில் மண்ணீரல் கெட்டுப்போயிருப்பதால் கிருமித் தொற்று வேகமாகப் பரவும்.

வலி இல்லாத நாளிலும் சாப்பிட வேண்டிய அந்த மாத்திரை ஹைட்ராக்ஸியூரியா. பெரியவர்களுக்குப் பொதுவாகக் கிலோவுக்கு 15 மி.கி. என்று தொடங்கும், 35 கிலோ எடை உள்ளவருக்குத் தினம் ஒரு 500 மி.கி. கேப்சூல். இழை கோக்காத கரு ஹீமோகுளோபின் (குழந்தை கருவில் இருக்கும்போது உள்ள வகை) கூடி முழுப் பலன் தெரிய மாதங்கள் ஆகும். ஆனால் ரெட்டிகுலோசைட்டின்மேல் உள்ள இன்டெக்ரின் அதற்கு முன்பே குறையத் தொடங்குகிறது. வலி நின்றதே என்று மாத்திரையை நிறுத்தினால் ஒட்டும் செல்கள் திரும்ப வரும். கருத்தரிக்க நினைப்பவர்கள் மட்டும் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஒட்டுப் புரதத்தையே அடைக்கும் மருந்தும் வந்தது. பி-செலெக்டினைத் தடுக்கும் கிரிசான்லிசுமாப், 198 பேரிடம் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில் வலி நெருக்கடிகளைச் சுமார் 45 சதவீதம் குறைத்தது. 2019-ல் அமெரிக்கா அனுமதித்தது. அடுத்த பெரிய ஆய்வில் பலன் நிரூபணமாகாததால் 2023-ல் ஐரோப்பா அனுமதியைத் திரும்பப் பெற்றது. பிடிக்கும் கைகள் பல இருக்கையில் ஒன்றைக் கட்டினால் போதாது என்பது எங்கள் கணிப்பு. ஆல்ஃபா-4-ஐ அடைக்கும் நட்டாலிசுமாப் வேறொரு நரம்பு நோய்க்குப் பயன்படுகிறது. அதில் அரிதாக மூளைத் தொற்று வருகிறது. விலை மலிவான பழைய கேப்சூலை நாங்கள் இன்னும் மதிப்பது இதனால்தான்.

அதற்குத் துணை, ரெட்டிக் எண்ணிக்கை, அதாவது ரெட்டிகுலோசைட்டுகளை எண்ணுவது. ரத்தமும் நியூ மெத்திலீன் புளூ என்ற சாயமும் சம அளவு கலந்து, 37 டிகிரியில் 15 நிமிடம் வைத்து, 1,000 சிவப்பணுவில் எத்தனை என்று எண்ணுவது. சாயத்தை வடிகட்டாவிட்டால் படிந்த துகள்கள் ரெட்டிக் மாதிரியே தெரிந்து கணக்கு ஏறும். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைப் படலமாக இழுக்கும் (ஸ்மியர்) முன் மறுபடி கலக்காவிட்டாலும் தப்பு வரும், ஏனெனில் இளம் செல்கள் எடை குறைந்தவை, மேலே மிதக்கும்.

நோயாளியிடம் இந்த எண்ணிக்கை திடீரென விழுந்தால் யாரும் மகிழ வேண்டாம். பார்வோ வைரஸ் பி-19 தொற்றில் மஜ்ஜை வேலையை நிறுத்திவிடும். ரெட்டிக் 1 சதவீதத்துக்கும் கீழே போய், சில நாளில் ஹீமோகுளோபின் சரிந்து ரத்தம் ஏற்ற வேண்டிவரும். மாத்திரை சாப்பிடுபவருக்கு ஹீமோகுளோபின் 9-க்குக் கீழும், ரெட்டிக் மைக்ரோலிட்டருக்கு 80,000-க்குக் கீழும் இருந்தால் டாக்டர் மருந்தை நிறுத்திவைப்பார். மாத்திரை வாங்கவரும் நாளில் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து அனுப்பாமல், வெள்ளணு, தட்டணுவோடு ரெட்டிக்கையும் எண்ணிச் சீட்டில் எழுதும் வழக்கம் மலைப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் வர வேண்டும்.

இப்படிக்கு,
ரத்தப் பரிசோதனைக் கூடப் பணியாளர்கள்,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.