‘சித்தி’ எண்டு வந்த மெசேஜ்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் விசுவமடுவில, பரந்தன் முல்லைத்தீவு ரோட்டோரம் சின்னனா ஒரு கொமினிகேசன் கடை வைச்சிருக்கிறன். ரீலோட், போட்டோகொப்பி, போம் நிரப்பிக் குடுக்கிறது, ஈசி கேஷ் போடுறது எண்டு நாள் போகும். போன மாரிக்கு முதல் நடந்த ஒண்டை எழுதவேணும் எண்டு கன நாளா நினைச்சுக்கொண்டு இருந்தனான், சின்னம்மாட்ட கேட்டன், "எழுது, என்ர பேரை மட்டும் போட்டிடாத" எண்டு சொன்னா, அதுக்குப் பிறகுதான் எழுதுறன்.

சின்னம்மா தனியத்தான் இருக்கிறா. கச்சான் வித்த காசு 85,000 ரூபா வீட்டில இருந்தது. ஒருநாள் காலமை கனடாவில இருக்கிற பெறாமகன்ர வட்ஸ்அப்பில இருந்து மெசேஜ் வந்திருக்கு. அவன்ர நம்பர்தான், அவன்ர படம்தான். "சித்தி, எனக்கு அவசரமாக பணம் தேவைப்படுகிறது, என் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டுள்ளது, கொழும்பில் உள்ள என் நண்பரின் கணக்கில் போடுங்கள், நாளை திருப்பித் தருகிறேன்" எண்டு கிடந்தது. எந்த நாளும் அவன்தான் அனுப்பிறவன், அவனே எங்களிட்ட கேக்கிறான் எண்டா என்ன இக்கட்டில நிக்கிறானோ எண்டு அவாவுக்கு நெஞ்சு பதறிப்போச்சு. போனைத் தூக்கிக்கொண்டு நேரா என்ர கடைக்கு வந்தா, அக்கவுண்ட் நம்பரை ஒரு துண்டில எழுதித் தா எண்டு. நானும் எழுதிக் குடுத்தன். பேரைப் பாத்திட்டு "ஆர் உது?" எண்டும் கேட்டனான், "தம்பியின்ர கூட்டாளி" எண்டா, அதோட விட்டிட்டன். அந்த நேரம் என்ர போனிலயே அவனுக்கு ஒரு கோல் எடுத்துக் குடுத்திருந்தா அந்தக் காசு மிஞ்சியிருக்கும், அது இண்டைக்கும் எனக்குள்ள கிடந்து அரிக்குது.

பிறகு இருந்து யோசிச்சா எல்லாம் அந்த மெசேஜிலயே இருந்திருக்கு. எங்கட பிள்ளையள் ஆர் "சித்தி" எண்டு கூப்பிடுறவை? பிறந்ததில இருந்து அவன் "சின்னம்மா"தான். "பணம்" எண்டு அவன் ஒருநாளும் சொல்லான், "காசு" எண்டுதான் சொல்லுவான், அதோட இங்கிலீஸ் எழுத்திலதான் தமிழை அடிக்கிறவன். ஆரோ வேற பாசையில எழுதி மெசினில போட்டு தமிழாக்கி அனுப்பியிருக்கினம். சின்னம்மாவுக்கும் அது வித்தியாசமாத்தான் பட்டிருக்கு, ஆனா கன வருசம் அங்க இருக்கிறான், பேச்சு மாறியிருக்கும் எண்டு நினைச்சிட்டா.

பெறாமகனுக்கு நடந்தது இதுதான். அவனுக்குத் தெரிஞ்ச ஒராள்ர நம்பரில இருந்து, கோயில் கூட்டம் சூமில நடக்கப்போகுது, உனக்கு ஆறு இலக்கத்தில ஒரு கோட் வரும், அதை அனுப்பு எண்டு கேட்டிருக்கினம். இவன் அனுப்பியிட்டான். அது கூட்டத்துக்கான கோட் இல்லை, அவன்ர வட்ஸ்அப்பை வேறொரு போனில திறக்கிற கோட். திறந்த உடன அவன் வெளியில, கள்ளன் உள்ளுக்க. பிறகு அவன்ர பேரில ஊரில இருக்கிற சொந்தக்காரர் எல்லாருக்கும் ஒரே மெசேஜ். அந்த முதல் ஆளுக்கும் முதலே இதே கதிதான். வட்ஸ்அப் செற்றிங்கில அக்கவுண்ட் எண்ட இடத்துக்குள்ள இரண்டு படிச் சரிபார்ப்பு எண்டு ஒண்டு இருக்கு, அதில நீங்களே ஒரு ஆறு இலக்க பின் நம்பர் போட்டு வைச்சா, கோட் வெளியில போனாலும் லேசில திறக்க ஏலாது. இப்ப கடைக்கு ரீலோட் போட வாற ஆக்களுக்கு, அவை ஓம் எண்டா, நானே போட்டுக் குடுக்கிறன், காசு எடுக்கிறேல்ல.

இன்னுமொண்டு. காசு போன அக்கவுண்ட் இலங்கை வங்கிக்கணக்கு, பேரும் இஞ்சத்தப் பேர், அதாலதான் சனம் நம்புது. ஆனா அந்த அக்கவுண்டுக்காரன் கள்ளனா இருக்கவேணும் எண்டும் இல்லை. "உன்ர அக்கவுண்டையும் ஏ.ரி.எம் காட்டையும் தா, மாசம் இவ்வளவு தாறம்" எண்டு வேலையில்லாத பெடியளிட்ட வாங்கிறாங்கள். தம்பிமார், தயவு செய்து குடுக்காதேங்கோ. காசு உங்கட பேரிலதான் வந்து போகும், பொலிஸ் முதல்ல வாறதும் உங்கட வீட்டுக்குத்தான்.

ஏ.எல் எடுத்திட்டு வீட்டில நிக்கிற பிள்ளையளுக்கு ரெலிகிராமில வாற வேலை வேற மாதிரி. யூரியூப் வீடியோவுக்கு லைக் போடு, ஸ்கிரீன்சொட் அனுப்பு எண்டுவாங்கள், முதல் நாள் 300, அடுத்த நாள் 500 எண்டு உண்மையாவே அக்கவுண்டுக்குக் காசு வரும். அந்தக் காசுதான் தூண்டில் இரை. பிறகு 10,000 போட்டா 13,000, 50,000 போட்டா இன்னும் கூட எண்டு போகும், போனில லாபம் ஏறிக்கொண்டே இருக்கும், எடுக்கப் போனா "வரி கட்டு" எண்டுவாங்கள். தாய்ட தோட்டை அடகு வைச்சு வரி கட்டின பிள்ளையை நான் கண்டனான். ஆள் சேத்தா கமிசன் எண்டு சொல்லுற திட்டங்களும் அப்படித்தான், பிரமிட் முறை 1988ஆம் ஆண்டு 30ஆம் இலக்க வங்கிச் சட்டத்தில தடை செய்யப்பட்டது, சேக்கிறதும் குற்றம்.

வெளிநாட்டு வேலை எண்டு பேஸ்புக்கில வாறவையை நம்பி பாஸ்போட்டையும் காசையும் குடுக்க முதல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின்ர 1989 எண்ட நம்பருக்குக் கோல் எடுத்து அந்த ஏஜென்சிக்கு லைசன் இருக்கோ எண்டு கேளுங்கோ. மியன்மாரில மியாவடிப் பக்கம் கம்பியூட்டர் வேலை எண்டு போய் மோசடி முகாமுகளுக்குள்ள மாட்டுப்பட்ட எங்கட நாட்டு ஆக்களின்ர செய்தி பேப்பரில வந்ததுதானே. அஸ்வெசும எண்ட அரசாங்க உதவிக் காசைக் கூட்டித் தாறம் எண்டு வாற லிங்க், கஸ்டம்ஸில பார்சல் நிக்குது காசு கட்டு எண்டு வாற கோல், இதுகளுக்கு ஜி.எஸ் (கிராம சேவகர்) ஆளிட்டயோ தபால்கந்தோரிலயோ ஒருக்கா கேட்டாலே காணும்.

காசு போட்டுப் பிழைச்சுப்போச்சு எண்டு தெரிஞ்ச உடன வங்கிக்கு எடுங்கோ, நம்பர் உங்கட காட்டின்ர பின்பக்கம் இருக்கும். காசு அங்கால எடுபடாமல் கிடந்தா மறிக்க ஏலும், நேரம் போகப் போக ஏலாது. மெசேஜை அழிக்காதேங்கோ, சிலிப்பை எறியாதேங்கோ, பொலிசில முறைப்பாடு எழுதேக்க அது வேணும். இலங்கை கணினி அவசர நடவடிக்கைப் பிரிவின்ர நம்பர் 101. 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டம் எண்டு இதுகளுக்குச் சட்டமும் இருக்கு. சின்னம்மா மூண்டு நாள் ஒருத்தருக்கும் வாய் திறக்கேல்ல, வெக்கம். படிச்ச சனம் சிரிக்கும் எண்டு பயம். அந்த மூண்டு நாளில காசு எங்கயோ போயிட்டுது. கடைக்கு வாற சனத்தைக் கண்டு சொல்லுறன், ரீச்சர்மாரும் ஏமாந்திருக்கினம், வங்கியில வேலை செய்து பென்சன் எடுத்தவரும் ஏமாந்திருக்கிறார்.

ஐயா, உங்களிட்ட ஒரு வேண்டுகோள். எனக்கு வாற எச்சரிக்கை மெசேஜுகள் கூட இங்கிலீசிலதான் வருது, சின்னம்மா மாதிரி ஆக்கள் அதை வாசிக்கமாட்டினம், ஆனா உங்கட பேப்பரை என்ர கடை வாங்கில இருந்து எழுத்துவிடாமல் வாசிப்பினம். கிழமைக்கு ஒருக்கா ஒரு மூலையில, அந்தக் கிழமை வந்த கள்ள மெசேஜ் ஒண்டை வந்த மாதிரியே போடுங்கோ, எந்த இடத்தில பிழை தெரியுது எண்டும் காட்டுங்கோ. பெயரை மறைச்சு மெசேஜுகளை அனுப்பித் தர நான் ஆயத்தம், கடைக்கு வாற ஆக்களிட்ட கேட்டுச் சேத்து வைச்சிருக்கிறன், இப்பவே ஒரு கொப்பி நிரம்பியிட்டுது.

இப்படிக்கு,
கொமினிகேசன் கடைக்காரர்,
விசுவமடு