சுக்கானை விட்டா எத்தனை செகண்ட்

மாப்ள,

உன் லெட்டரை ரெண்டு தடவ படிச்சேன். முட்டி ஆபரேஷன் முடிஞ்சு மாடிப்படி ஏறிட்டேன்னு எழுதியிருந்தியே, அதைப் பார்த்ததும்தான் எனக்கு மனசு ஆறுச்சு. அவசரப்படாதடா, பிசியோதெரபியை மட்டும் நடுவுல விட்றாத. பாப்பாவுக்கு கோயம்புத்தூர்ல வேலை கெடைச்சதுல இங்க எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம், அவகிட்ட சொல்லிரு.

கூட வந்துட்டிருந்தவர் ஸ்காட்லாந்துக்கு வீடு மாத்திட்டாரே, இனிமே அந்தப் பாய்மர போட்டை வித்துருவியான்னு கேட்டிருந்த. விக்கலடா. இந்த குளிர்காலம் பூரா இங்கிலாந்து தெக்குக் கரையில லிமிங்டன்ல அதை கரையேத்தி வச்சு, ஒத்த ஆளா ஓட்டுற மாதிரி கயிறெல்லாம் மாத்திக் கட்டிட்டிருந்தேன்.

உனக்கு போன்ல சொல்லாத ஒண்ணு இருக்கு. போன செப்டம்பர்ல ஹர்ஸ்ட் கோட்டை பக்கம் தனியா வந்துட்டிருந்தேன், அந்த இடம் குறுகல், சோலன்ட் ஜலசந்தித் தண்ணி அது வழியாவும் கடலுக்கு ஓடும், தண்ணி ஒரு பக்கம் இழுக்க காத்து எதிர்ல அடிச்சா அலை செங்குத்தா எந்திரிக்கும். முன்பாய் இறக்கணும். சுக்கானை விட்டுட்டு அணியத்துக்கு, அதான் போட்டோட முன்முனைக்குப் போனேன், பாதி தூரம் போகல, போட் திரும்பிருச்சு, பாய் படபடன்னு அடிக்க ஆரம்பிச்சு அந்த தாமான் கயிறு (பாயை இழுத்துப் பிடிக்கிற கயிறு, இங்க ஷீட்னு சொல்வாங்க, உங்க அப்பா தாமான்னுதான் சொல்வாரு) சவுக்கு மாதிரி தோள்ல விழுந்துச்சு. முட்டி போட்டு தவழ்ந்துதான் பின்னாடி வந்தேன். இடுப்புல பெல்ட் இருந்துச்சு, ஆனா எதுலயும் மாட்டல. அன்னிக்கு விழுந்திருந்தா போட் தானா போயிருக்கும், நான் அங்கயே கெடந்திருப்பேன்.

அதுக்கப்புறம் ஒரு நல்ல நாளா பார்த்து வாட்சை வச்சு அளந்தேன். சுக்கானை விட்டா போட் எத்தனை செகண்ட் நேரா போகும்? மெல்லிசா காத்து இருக்கும்போது பன்னெண்டு. காத்து ஏறினா அஞ்சு, சில நேரம் நாலு. தனியா ஓட்டுறதுக்கு பலம் வேணும்னு எல்லாரும் நெனைக்கிறாங்க, நானும் நெனைச்சேன். பலம் இல்லடா, அந்த அஞ்சு செகண்ட்தான் விஷயம். ஒண்ணு அஞ்சு செகண்டுக்குள்ள வேலை முடியணும், இல்ல அந்த அஞ்சை அம்பதாக்கணும்.

நம்ம போட் ஃபோக்போட், 1942ல ஸ்வீடன் பக்கம் பொறந்த டிசைன், 25 அடி, மொத்த வெயிட்டே ரெண்டு டன்னுக்குக் கொஞ்சம் கம்மி, அதுல பாதிக்கு மேல அடியில இருக்குற இரும்பு. நீளமான அடிக்கட்டை, அதனால சொன்ன பேச்சு கேக்கும். ஆனா பாய் ஏத்துற கயிறு ரெண்டும், அதான் ஆஞ்சான், பாய்மரத்து அடியிலயே முடியும். அதை அங்க ஒரு கப்பி போட்டு திருப்பி கேபின் கூரை மேல ஓட்டி நான் உக்கார்ற இடத்துக்குக் கொண்டு வந்துட்டேன். கூரை பிளைவுட்டுடா, ஓட்டை போட்டா மழைத்தண்ணி எறங்கி உள்ளுக்குள்ளயே உளுத்துரும். அதனால ஒவ்வொரு ஓட்டையும் மொதல்ல 12 மில்லி போட்டு, எபாக்ஸி பசை ஊத்தி அடைச்சு, ரெண்டு நாள் காய விட்டு, அது நடுவுல 6 மில்லி மறுபடி போட்டு போல்ட் எறக்கினேன். மொத்தம் பதினாறு ஓட்டை. இதுல நஷ்டமும் இருக்கு, கயிறு வளையிற ஒவ்வொரு எடத்துலயும் உராய்வு கூடும், முன்ன கையாலயே ஏறின பாய் இப்ப கடைசி ஒரு அடிக்கு வின்ச் (கயிறைச் சுத்தி இறுக்குற உருளை) கேக்குது. சில பேர் எல்லாத்தையும் மரத்தடியிலயே வச்சுக்கிட்டு அங்க நின்னு ஒரே மூச்சுல முடிக்கிறதுதான் நல்லதுங்கறாங்க. அவங்க சொல்றதும் தப்பில்ல, ஆனா அது பெரிய போட்டுக்கு. இதுல முன்னாடி நடக்க இருக்குற எடம் ஒன்றரை அடி.

முன்பாய்க்கு பண்ணதுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. பாயோட உச்சி கொக்கியில ஒரு மெல்லிசு கயிறைக் கட்டி, மத்த கொக்கிக்குள்ள எல்லாம் விட்டு, அணியத்துல ஒரு குட்டி கப்பி வழியா பின்னாடி கொண்டாந்தேன். ஆஞ்சானை விட்டுட்டு இதை இழுத்தா பாய் தானா கீழ வந்து மடங்கி உக்காந்துக்குது. செலவு சாப்பாட்டுக் காசு அளவுக்குக் கூட வரல.

பெரிய பாயைச் சுருக்கணும்னா முன்பாயை மாத்துப் பக்கமா இழுத்துக் கட்டி, சுக்கான் கட்டையை காத்து போற பக்கமா கட்டிர்றேன். ஒண்ணு திருப்பப் பார்க்கும், இன்னொண்ணு விடாது, போட் அப்படியே அசந்து போய் மெதுவா ஒதுங்கிட்டு நிக்கும். சத்தமே அடங்கிரும்டா. ஆஞ்சான்ல எங்க வரைக்கும் எறக்கணும்னு செவப்பு நூலால சுத்தித் தச்சு வச்சிருக்கேன், இருட்டுல விரல்லயே தடவித் தெரிஞ்சுக்கலாம்.

அஞ்சை அம்பதாக்குறதுக்கு மோட்டார் வச்ச ஆட்டோபைலட் வாங்கலாம், ஆனா அது பேட்டரிய நம்பி இருக்கு. நான் கயிறுலயே செஞ்சேன். தாமான் இழுவையில இருந்து ஒரு கயிறைப் பிரிச்சு, காத்து வர்ற பக்கத்துக் கப்பி வழியா சுக்கான் கட்டைக்கு. எதிர்ப்பக்கம் ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்கும்போது கையில கட்டுற மாதிரி ரப்பர் ட்யூப். காத்து ஓங்குச்சுன்னா போட் காத்தைப் பார்த்துத் திரும்பப் போகும், அதே நேரம் தாமானும் விறைச்சு சுக்கானை இழுத்துத் தடுத்துரும். காத்து கொறைஞ்சா ரப்பர் திருப்பி இழுத்துக்கும். ட்யூப் எத்தனை சுத்துன்னு பிடிபடவே மூணு வாரம் ஆச்சு, போன ஞாயித்துக்கிழமை யார்மவுத் பக்கம் இருபது நிமிஷம் கட்டையை நான் தொடவே இல்ல.

இதையெல்லாம் யோசிக்கும்போது தனியா பாய்மரம் ஓட்டின இங்கிலீஷ்காரர் ஹாஸ்லர்தான் ஞாபகத்துக்கு வர்றாரு. 1960ல பிளைமவுத்ல இருந்து நியூயார்க்குக்கு ஒத்த ஆளா போற மொத ரேஸ், அஞ்சே போட். அவரோடது ஜெஸ்டர், இதே ஃபோக்போட் உடம்புதான், அதுல சீனத்துப் பாயை மாட்டி, போட்டோட மேல்தளத்து நடுவுல ஒரு வட்ட ஓட்டை வச்சு, அதுக்குள்ள நின்னுகிட்டே எல்லாக் கயிறையும் இழுக்குற மாதிரி பண்ணிட்டாரு. காத்தைப் பார்த்துத் தானா சுக்கான் பிடிக்கிற கருவியும் அவரே செஞ்சதுதான். 48 நாள்ல ரெண்டாவதா வந்தாரு, ஜெயிச்ச சிசெஸ்டருக்கு 40 நாள், போட்டும் ரொம்ப பெருசு. எனக்கு ஹாஸ்லர்தான் ஒசத்தி.

வீட்ல கவலைப்படாதன்னு சொல்ல எனக்கு வாய் வரல, அதனால காட்டினேன். போட் மேல நடுவுல முன்னாடி வரைக்கும் ஒரு பட்டை நாடா இழுத்துக் கட்டியிருக்கேன், கேபின்ல இருந்து வெளிய தலை நீட்டும்போதே அதுல பெல்ட்டை மாட்டிருவேன், நாடாவும் பெல்ட்டும் சேர்ந்து விளிம்பு தாண்டி விழ விடாத நீளம்தான். மேல ஏறுற ஏணியோட கயிறு தண்ணியில இருந்தே எட்டும். ஏப்ரல்ல இங்க தண்ணி 10 டிகிரி கிட்டதான், விழுந்த மொத நிமிஷத்துலயே மூச்சு தடுமாறிரும், அதனால விழாம இருக்குறதுதான் முக்கியம். பொண்ணு அந்த நாடாவைப் பிடிச்சு ரெண்டு கையாலயும் தொங்கிப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம எறங்கிப் போனா.

மே கடைசியில மேக்கால இருக்குற பூல் துறைமுகம் வரைக்கும் தனியா போகலாம்னு இருக்கேன். அதுக்கு முன்ன அப்பாகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுடா. அவர் தோணியில தண்டலா, அதான் தோணித் தலைவரா இருந்தப்ப, கொழும்புக்குப் போற ராத்திரியில எல்லாரும் தூங்கிட்டா சுக்கானை எப்படிக் கட்டுவாங்க, என்ன முடிச்சு? முடிஞ்சா ஒரு கயிறுல போட்டுக் காட்டச் சொல்லி வீடியோ எடுத்து அனுப்பு, அவர் கையும் தெரியிற மாதிரி எடு.

உன் பழைய ரூம்மேட்