பல்கலைக்கழக நூலகங்களின் உரிம ஒப்பந்தங்களுக்கும் ஒரு பதிவேடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

நூலகத்தின் இணையப் பக்கத்தில் சஞ்சிகையின் பெயர் இருக்கிறது, உள்ளே போனால் கட்டுரைக்குப் பணம் கேட்கிறது என்று பல்கலைக்கழக மாணவர்கள் முறைப்பட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. கேட்பவர்கள் நிதிப் பற்றாக்குறையைக் காரணமாகச் சொல்லி அமைதியடைகிறார்கள். கொழும்பில் உயர்கல்வி நிறுவனமொன்றின் நூலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றி, அவற்றுள் கடைசிப் பதினொரு ஆண்டுகள் இலத்திரனியல் வளங்களுக்குப் பொறுப்பாக இருந்து, சென்ற ஆண்டு ஓய்வுபெற்றவன் நான். பணம் கட்டிப் பெற்ற உரிமைகளிற்கூட ஒரு பகுதியை, அவற்றைப் பதிந்து வைக்காத காரணத்தால் மட்டுமே நாம் இழந்து வருகிறோம் என்பதை உங்கள் பத்திரிகை வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

அச்சு நூலொன்று நூலகத்துக்கு வந்தால் சேர்க்கைப் பதிவேட்டில் அதற்கு ஓர் எண் விழும்; விலையும் விற்பனையாளரும் திகதியும் எழுதப்படும்; கணக்காய்வாளர் வந்து அந்த எண்ணைக் கேட்டால் நூலைத் தட்டிலிருந்து எடுத்துக் காட்டவேண்டும். நானூறு ரூபா நூல் ஒன்று தொலைந்ததற்காக எங்கள் ஊழியர் ஒருவர் விளக்கக் கடிதம் எழுதியதை நான் கண்டிருக்கிறேன். ஆண்டுதோறும் பல இலட்சம் ரூபா செலுத்தும் இணையச் சஞ்சிகைத் தரவுத்தளத்துக்கு அத்தகைய பதிவு எதுவும் கிடையாது. கட்டிய பணத்தின் கணக்கு இருக்கும். அந்தப் பணத்துக்கு நமக்கு என்னென்ன செய்ய அனுமதி கிடைத்தது என்பது எங்கும் இராது.

அச்சு நூலை வாங்குவது வீடு வாங்குவது போன்றது. இலத்திரனியல் சஞ்சிகைக்குச் சந்தா கட்டுவது அனெக்ஸ் எடுப்பது போன்றது. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் வாடகைக்கு இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இரவு எத்தனை மணிக்குக் கேற் பூட்டப்படும், ஊரிலிருந்து வரும் உறவினர் எத்தனை நாள் தங்கலாம், வெளியேறும்போது முற்பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதெல்லாம் உடன்படிக்கையில் இருக்கும். அந்தத் தாளைத் தொலைத்தவர் வீட்டுக்காரர் சொல்வதைத்தான் கேட்டாகவேண்டும்.

2022 மார்ச் மாதத்தில் ரூபா மிதக்கவிடப்பட்டு, அதுவரை ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தபோது, எட்டு ஆண்டுகளாகச் சந்தா கட்டிவந்த சஞ்சிகைத் தொகுப்பு ஒன்றை நாங்கள் நிறுத்தவேண்டியதாயிற்று. பணம் கட்டிய எட்டு ஆண்டுகளின் இதழ்களையாவது தொடர்ந்து வாசிக்க முடியுமா என்று பீடங்களிலிருந்து கேட்டார்கள். எங்களில் எவருக்கும் பதில் தெரியவில்லை. ஒப்பந்தத்தை மின்னஞ்சலில் பெற்றுக் கையொப்பத்துக்கு அனுப்பிய உத்தியோகத்தர் வெளிநாடு சென்றிருந்தார். அவருடைய அலுவலக மின்னஞ்சற் கணக்கும் மூடப்பட்டிருந்தது. பல வாரத் தேடலின் பின், நிதிக்கிளையில் பழைய வவுச்சர் ஒன்றின் பின்னால் குத்தப்பட்டிருந்த பிரதி அகப்பட்டது. கட்டிய ஆண்டுகளின் இதழ்களுக்கு நிரந்தர உரிமை எங்களுக்கு உண்டென்று அதிலே தெளிவாக எழுதியிருந்தது. சந்தா முடிந்து 60 நாள்களுக்குள் அதனை எழுத்தில் கோரவேண்டும் என்றும் அதே வாசகத்தின் பிற்பாதி கூறியது. நாங்கள் அதனை வாசித்தது நான்காவது மாதத்தில். வெளியீட்டாளரின் முகவர் மரியாதையோடு மறுத்து எழுதினார். அவர்மீது எனக்குக் கோபமில்லை; கையொப்பமிட்டது நாங்கள்தான்.

ஒப்பந்தத்தின் பிரதியை ஒரு கோவையில் போட்டு வைத்தால் பதிவு முடிந்தது என்று நினைப்பவர்கள் பலர். இருபது பக்கச் சட்ட ஆங்கிலத்தை, மாணவர் எதிரே காத்து நிற்கும்போது எந்த ஊழியர் புரட்டிப் பார்ப்பார்? அதன் வாசகங்களைப் பிரித்து, அன்றாடம் எழும் வினாக்களுக்கு விடையாக எழுதி வைப்பதே பதிவு. எவ்விவரங்களைப் பதியவேண்டும் என்று புதிதாக யோசிக்கவும் தேவையில்லை. ஐக்கிய அமெரிக்காவின் எண்ணிம நூலகக் கூட்டமைப்பு 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில் அவை விரிவாக வகுக்கப்பட்டுள்ளன.

வெளிவாரிப் பட்டப்படிப்பு மாணவர் அனுமதிபெற்ற பயனாளரா? ஓய்வுபெற்ற பேராசிரியர்? உறுப்பினராக இல்லாமல் நேரில் வந்து நூலகக் கணினியில் வாசிப்பவர்? யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்தாறுமூலையிலிருந்தோ ஒரு நூலகர் கட்டுரையொன்றைக் கேட்டு எழுதினால் அதனைப் பி.டி.எப். கோப்பாக அனுப்பலாமா, அச்செடுத்துத்தான் அனுப்பவேண்டுமா, அனுப்பவே கூடாதா? இம்மூன்று வகை ஒப்பந்தங்களையும் நான் கையாண்டிருக்கிறேன். விடை தெரியாதபோது “முடியாது” என்று சொல்வதே பாதுகாப்பு என்று எங்கள் ஊழியர்கள் பழகிவிட்டார்கள். அதனால், ஒப்பந்தம் தாராளமாக அனுமதித்த உதவிகளை நாமே மறுத்திருக்கிறோம். இதைத்தான் நான் பெரிய இழப்பாகக் கருதுகிறேன், ஏனெனில் இது எந்தக் கணக்காய்விலும் அகப்படாது. அண்மைக் காலத்தில் புதுப்பித்தலுக்கு வரும் ஒப்பந்தங்களில், கட்டுரைகளைச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் உள்ளிடுவதைக் கட்டுப்படுத்தும் வாசகங்களும் சேர்ந்துவருகின்றன. மாணவர்களோ அதனை அறியாமலே நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் நூலகத்தின் சார்பிற் குறிக்கப்படும் தொடர்பாளரின் பெயர்கூட அற்ப விவரமன்று. மாணவர் ஒருவர் மென்பொருளின் உதவியால் ஒரே இரவில் ஒரு சஞ்சிகையின் பல தொகுதிகளைத் தரவிறக்கியதால், முழு வளாகத்தின் ஐ.பி. முகவரிகளும் (கணினிகளை இணையத்தில் இனங்காட்டும் எண்கள்) ஒருமுறை வெளியீட்டாளரால் முடக்கப்பட்டன. அதற்குமுன் வந்த எச்சரிக்கை, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஓய்வுபெற்றிருந்த ஒருவரின் முகவரிக்குப் போயிருந்தது.

உரிமப் பதிவோடு சேர்த்துச் செய்யவேண்டியது இருப்புப் பதிவு, அதாவது எந்தச் சஞ்சிகையின் எந்த ஆண்டு இதழ்கள் நமக்குக் கிடைக்கும் என்ற பதிவு. ஒரே சஞ்சிகையின் அச்சிதழுக்கும் இணைய இதழுக்கும் ஐ.எஸ்.எஸ்.என். என்னும் அடையாள எண் தனித்தனியே உண்டு, இடையில் பெயர் மாறும், வெளியீட்டாளர் மாறுவார். ஜேஸ்டோர் போன்ற இணையச் சஞ்சிகைத் தொகுப்பில் பல சஞ்சிகைகளின் அண்மைய சில ஆண்டு இதழ்கள் இரா. எந்த ஆண்டு தொடங்கி எந்த ஆண்டுவரை நமக்குத் திறக்கும் என்பதைக் கூறாமல் வெறும் பெயரையும் இணைப்பையும் பட்டியலில் இட்டால், நான் தொடக்கத்திற் சொன்ன முறைப்பாடு வராமல் என்ன செய்யும்? வெளியீட்டாளர்கள் இவ்விவரங்களை ஒரே வடிவில் தருவதற்கான கேபார்ட் பரிந்துரை 2010ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கி, நாம் செலுத்திய ஆண்டுகளோடு ஒப்பிடுவது ஓர் உதவி நூலகருக்குச் சில நாள் வேலை. எங்கள் நூற்பட்டியலிலும், மார்க் என்னும் பொது வடிவிலமைந்த பதிவின் 856ஆம் புலத்தில் இணைப்பு இருந்தது. பயன்பாட்டு நிபந்தனைக்கென உள்ள 540ஆம் புலம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தது.

பயன்பாட்டுப் புள்ளிவிவரத்தைப் பற்றி ஒன்றே சொல்வேன். கவுண்டர் என்ற பொது வரையறையின்படி வெளியீட்டாளர்கள் தரும் அறிக்கைகளில், வாசிக்கப்பட்ட கட்டுரைகளின் தொகையோடு, உரிமம் இல்லாமையால் எத்தனை முறை வாசகர் திருப்பப்பட்டார் என்ற தொகையும் உண்டு. எதை நிறுத்தலாம் என்று தேடும்போது முன்னதைப் பார்க்கிறோம். பின்னதைப் பார்ப்பவர் குறைவு.

இவற்றுக்கெல்லாம் புதிய மென்பொருள் வாங்கப் பணமில்லை என்று சொல்லப்படலாம். நம் பல்கலைக்கழக நூலகங்கள் பலவற்றில் ஏற்கெனவே இயங்குவது கோஹா. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகத்தில் 2000ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்த அந்த இலவச மென்பொருளில், 2022 நவம்பரில் வெளியான 22.11 பதிப்பு முதல், ஒப்பந்தங்களையும் உரிமங்களையும் இருப்பு விவரங்களையும் பதியும் பகுதி அமைந்திருக்கிறது. தேவைப்படுவது ஆளும் நேரமும். நூலக ஆளணி வெற்றிடங்களை நிரப்பாமல் வைத்துக்கொண்டு இதனை எதிர்பார்க்க முடியாது என்பதையும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு கவனிக்கவேண்டும்.

விலை விவரத்தை வெளியிடக்கூடாது என்ற இரகசிய வாசகம் பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் வர்த்தக இரகசியத்துக்கு விலக்களிக்கிறது. அந்த விவாதத்துக்குள் நான் இப்போது போகவில்லை. ஆனால் விலையை மறைக்கும் வாசகம் இருக்கிறதென்று பயன்பாட்டு நிபந்தனைகளையும் பூட்டி வைப்பது பொருளற்றது. வாசகர் அறியாத நிபந்தனையை வாசகர் எவ்வாறு மதிப்பார்? அத்துடன், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அளிக்கும் நியாயமான பயன்பாட்டு உரிமையை இவ்வொப்பந்தம் குறைக்காது என்ற ஒரு வரியை ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் சேர்க்குமாறு நூலகர்கள் கேட்கவேண்டும். கேட்டபோது சேர்த்துத் தந்த வெளியீட்டாளர்கள் உண்டு. நாங்கள் கேட்கத் தொடங்கியதுதான் தாமதமாகிவிட்டது.

பழைய ஒப்பந்தங்கள் அனைத்தையும் ஒரே மூச்சிற் பதிந்துவிட முடியாது. சந்தாக்களிற் பெரும்பாலானவை ஜனவரியில் தொடங்கி டிசெம்பரில் முடிபவை. புதுப்பித்தற் கடிதங்கள் செப்டெம்பர் அளவில் வரத் தொடங்கும். இம்முறை கையொப்பத்துக்கு வரும் ஒவ்வோர் ஒப்பந்தத்தோடும் நிரப்பிய பதிவுத்தாள் ஒன்று இணைக்கப்பட்டாலன்றிக் கொடுப்பனவை விடுவிக்கக்கூடாது என்று ஆணைக்குழு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், வேலை அங்கிருந்து தொடங்கும். வவுச்சருக்குப் பின்னால் தாள்களைக் குத்தி வைக்கும் பழக்கம் நிதிக்கிளைக்கு ஏற்கெனவே இருக்கிறது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சிரேஷ்ட உதவி நூலகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.