படக்காட்சியோடு நின்றுவிடும் ஆசிரியர் பயிற்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளில் சுற்றுச்சூழல் சுகாதாரம் கற்பிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதை வரவேற்கிறோம். ஆனால் அதில் பெரும்பகுதி நேரம் ஓசோன், பனிப்பாறை, பிளாஸ்டிக் பற்றிய படக்காட்சியிலேயே போய்விடுகிறது. அது சுற்றுச்சூழல் பாடம். சுகாதாரம் என்று வரும்போது நான்கு கேள்விகள் வேண்டும்: கெடுதல் செய்யும் பொருள் எங்கே இருக்கிறது, எந்த வழியாக உடலுக்குள் போகிறது, எவ்வளவு போகிறது, போனால் என்ன செய்யும்? சுவர்ப் பூச்சில் உள்ள காரீயம் சுவரிலேயே ஒட்டியிருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. பூச்சு உரிந்து தூளாகி, தவழும் குழந்தையின் விரல் வழியாக வாய்க்குப் போகும்போதுதான் வினை. இந்த வரிசை பழகாத ஆசிரியர், ரசாயனம் என்றாலே விஷம் என்று சொல்லிக்கொடுத்துவிடுவார்.

'எவ்வளவு' என்பதைப் புரியவைக்க எட்டுச் சோதனைக்குழாய்கள் போதும். ஒவ்வொன்றிலும் 9 மி.லி. தண்ணீர் ஊற்றுங்கள். முதல் குழாயில் 1 மி.லி. உணவுச் சாயம் விட்டுக் கலக்கி, அதிலிருந்து 1 மி.லி. எடுத்து இரண்டாவதில் விட வேண்டும். இப்படியே எட்டு வரை. பாதி வழியைத் தாண்டியதும் நிறம் கண்ணுக்கு மறைந்துவிடும், ஆனால் சாயம் இருக்கிறது. ஆறாவது குழாயில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, எட்டாவதில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. குடிநீரில் ஆர்செனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஏறத்தாழ இந்த எட்டாவது குழாயின் அளவுதான். தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரல்ல என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. உறிஞ்சுகுழலை ஒவ்வொரு முறையும் அலசாமல் விட்டால் மட்டும் கணக்கு கெட்டுவிடும்.

அடுத்தது, ஹைட்ரஜன் சல்பைடு புட்டி. மலம் கலந்த நீரைக் காட்டிக்கொடுக்கும் எளிய சோதனை இது. அந்த நீரில் உள்ள கிருமிகள் வளர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கினால் புட்டிக்குள் இருக்கும் மருந்து கறுக்கும். குழாயைச் சிறிது நேரம் ஓடவிட்டு, மூடியின் உட்புறம் விரல் படாமல், புட்டியில் உள்ள கோடு வரை நீர் பிடித்து, 30 முதல் 37 டிகிரி வெப்பத்தில் ஒன்று இரண்டு நாள் வைக்க வேண்டும். கறுத்தால் சந்தேகப்பட வேண்டும். கொதிக்கவைத்து ஆற்றிய நீர் நிரப்பிய இன்னொரு புட்டியும் பக்கத்தில் இருக்க வேண்டும். அதுவும் கறுத்தால் கோளாறு செய்முறையில். நீர் ஊற்றிய சில நிமிடங்களிலேயே கறுத்தால் கிருமி வளர அவகாசமே இல்லை, நீரிலேயே சல்பைடு இருக்கிறது என்று பொருள். கறுக்காத நீரில் ஆர்செனிக்கோ புளோரைடோ இல்லை என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. அவற்றைக் கொதிக்கவைத்தும் போக்க முடியாது. நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். கறுத்த புட்டியைத் திறந்து முகர விடாமல், பிளீச்சிங் கரைசல் ஊற்றி ஊறவைத்த பிறகே கொட்ட வேண்டும். பயிற்சிகளில் அதிகம் விட்டுப்போவது இந்தக் கடைசிப் படிதான்.

வாசலின் தடவிய அட்டையில் தூசி பிடிக்கும் சோதனை எல்லோருக்கும் பிடித்தது, ஏமாற்றுவதும் அதுதான். அட்டையில் கண்ணுக்குத் தெரிவது பெரிய துகள். நுரையீரலின் அடிவரை போகும் 2.5 மைக்ரான் துகள் தலைமுடியின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கு. அட்டை வெளுப்பாக இருக்கிறது, எனவே காற்று சுத்தம் என்று எந்த மாணவரும் எழுதிவிடக் கூடாது.

முடிவு மோசமாக வந்தால் என்ன செய்வது என்பதற்கும் பயிற்சியில் இடம் வேண்டும். வீட்டிலிருந்து மாணவர்கள் கொண்டுவரும் நீருக்குப் பெயர் எழுதாமல் எண் இடுங்கள். இல்லாவிட்டால் ஒரு பிள்ளையின் வீடு வகுப்பில் கேலிப்பொருளாகிவிடும். பள்ளிக் குடிநீர் கறுத்தால் முதலில் தலைமையாசிரியரிடம் தெரிவித்து, மாற்று நீருக்கு ஏற்பாடு செய்து, ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்ப வேண்டும்.

இவ்வளவையும் ஒரு நாளில் திணிக்க முடியாது. இரண்டு நாள் கைப்பழக்கம், பிறகு வகுப்பில் நடத்திப் பார்க்க ஒரு மாத இடைவெளி, அதன்பின் தங்கள் மாணவர்களின் முடிவுகளோடு ஆசிரியர்கள் திரும்பி வர அரை நாள். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் வெட்டுவது அந்த அரை நாளைத்தான். சரியாக வராத சோதனைகளைப் பற்றி ஆசிரியர்கள் வாய் திறப்பதே அன்றைக்குத்தான் என்பதால், வேறு எதையாவது வெட்டட்டும்.

இப்படிக்கு,
ஆசிரியர் பயிற்றுநர்கள் சிலர்